இன்னொரு குழந்தை எப்போது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 29 வயது. எனக்கும் கணவருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. மகள் வயிற்றில் இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. அவளுக்கு இப்போது நான்கு வயது, தொற்று இல்லை. நான் தினமும் ராத்திரி எச்.ஐ.வி.க்கான டி.எல்.டி. மாத்திரை போடுகிறேன். போன தடவை வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்த்து, 'கிருமி தெரியவில்லை' என்றார்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொரு குழந்தை வேண்டும் என்று ஆசை. இப்போதைக்கு ஆணுறை மட்டும்தான். போன மாதம் ஒரு நாள் அது கிழிந்துவிட்டது. காப்பர் டி போடலாமா என்றால், 'உனக்கு அதெல்லாம் ஆகாது, எதுக்கு இன்னொண்ணு, பேசாம ஆபரேஷன் பண்ணிக்கோ' என்கிறார் ஊர் நர்ஸ். என் மாத்திரை கருவுக்குக் கெடுதல் என்றும் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய?
(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் கிழிந்துபோன ஆணுறை விஷயம். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் உடனே சிறுநீர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இனி அப்படி நடந்தால் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை போடலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உங்கள் டி.எல்.டி. அதன் பலனைக் குறைக்காது.

ஆணுறையை விடவே வேண்டாம். மற்ற பால்வினைத் தொற்றுகளைத் தடுப்பது அதுதான். ஆனால் கருத்தடைக்கு அது மட்டும் போதாது. சாதாரணமாகப் பயன்படுத்தும் 100 தம்பதிகளில் ஒரு வருடத்தில் சுமார் 13 பேருக்குக் கரு நின்றுவிடுகிறது. அதனால் ஆணுறையோடு இன்னொன்றும் வேண்டும்.

எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் கவனித்திருக்கிறேன், இந்தக் கேள்வியைப் பெண்கள் கடைசியில்தான் கேட்பார்கள். மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, குலுங்கிச் சத்தம் வராமல் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து, கதவு வரை போய்த் திரும்பி வந்து, மெல்லக் கேட்பார்கள். கேட்கத் தயங்கும்படி அவர்களை யார் வைத்தார்கள் என்று எனக்கு அப்போதும் கோபம் வரும்.

சரி, காப்பர் டி. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக அதை மறுக்க வேண்டியதில்லை. மாத்திரையைத் தவறாமல் போட்டு உடம்பு நன்றாக இருக்கும் உங்களுக்குத் தாராளமாகப் போடலாம். நோய் மிகவும் முற்றிய நிலையில் இருப்பவருக்குத்தான் புதிதாகப் போடுவதைத் தள்ளிவைப்போம். துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் முதலில் அதற்கு மருந்து எடுக்க வேண்டும். முதல் சில மாதங்கள் உதிரப்போக்கு கூடும், அதனால் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். எடுத்தவுடனே கரு தரிக்கும் வாய்ப்பு திரும்பிவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம், டி.எல்.டி.யோடு ஒத்துப்போகும். ஆனால் நிறுத்திய பிறகு கரு தரிக்க ஏழு, எட்டு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். இரண்டு வருடக் கணக்கு வைத்திருக்கும் நீங்கள் அதை யோசித்துக்கொள்ளுங்கள். மாலா-என் போன்ற தினசரி கருத்தடை மாத்திரைகளுக்கும் டி.எல்.டி. தடையில்லை. எஃபாவிரென்ஸ் கலந்த பழைய எச்.ஐ.வி. மாத்திரையில் இருப்பவர்களும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களும் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அவை கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும், அவசர மாத்திரையையும் சேர்த்து. காப்பர் டி-க்கும் அந்தராவுக்கும் அந்தப் பிரச்சினை இல்லை.

ஆபரேஷன் உங்களுக்கு வேண்டும் என்று தோன்றினால் செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு அவள் விவரம் தெரிந்து சம்மதிக்காமல் கருத்தடை ஆபரேஷனோ கருக்கலைப்போ செய்யக் கூடாது என்கிறது. உங்களுக்குத் தொற்று இருப்பதை வெளியே சொல்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஊரில் கேட்கத் தயக்கமாக இருந்தால், ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் சொல்லி, பெரிய மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரை கருவுக்குக் கெடுதல் என்ற பேச்சு 2018-இல் கிளம்பியது. போட்ஸ்வானா நாட்டில், உங்கள் டி.எல்.டி.யில் இருக்கும் டோலுடெக்ராவிர் என்ற மருந்தை எடுத்த தாய்மார்களின் குழந்தைகள் சிலருக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. பிரசவங்களின் எண்ணிக்கை சேரச் சேர அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இப்போது கர்ப்பிணிகளுக்கே அந்த மருந்தைத்தான் கொடுக்கிறோம். பயந்து ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று போகக்கூடும், சிகிச்சை இருந்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. உங்களைப் போலக் கருத்தரிக்கும் முன்பே கிருமி கட்டுக்குள் இருந்தால் இன்னும் குறைவு.

நேரம் வரும்போது, காப்பர் டி எடுப்பதற்கு முன் வைரல் லோடு ஒருமுறை பாருங்கள், ஃபோலிக் ஆசிட் தொடங்குங்கள். கர்ப்பத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் டி.எல்.டி.யோடு சேர்த்து விழுங்கக் கூடாது, உடம்பில் மருந்து சேராது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். இல்லாவிட்டால் டி.எல்.டி.யை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் கழித்தோ போடுங்கள். இடையில் சந்தேகம் வந்தால் 1097 எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.