நேரம் இருக்கிறது, தேதிதான் இல்லை

கேள்வி: கல்லூரியில் படிக்கும்போது மூன்று முறை ரத்த தானம் செய்திருக்கிறேன். வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று ஆன பிறகு 'அடுத்த மாதம் கட்டாயம்' என்று சொல்லியே நான்கு வருடம் ஓடிவிட்டது. 'அவசரமாக ரத்தம் தேவை' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும்போதெல்லாம் மனசு குறுகுறுக்கிறது. தவறாமல் கொடுக்க எப்படி நேரம் ஒதுக்குவது?

பதில்: ரத்தம் பையில் இறங்க எட்டு, பத்து நிமிடம்தான் ஆகும். படிவம் நிரப்புவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்காரவைப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம். முடி வெட்டப் போனாலும் அவ்வளவு நேரம் ஆகிறது. ஆனால் முடி வளர்ந்தால் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். ரத்தம் கொடுக்கும் நாள் வந்துவிட்டதென்று உடம்பு சொல்லாது. அதனால்தான் 'அடுத்த மாதம்' நழுவிக்கொண்டே போகிறது.

எனவே ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பீர்களே, அப்போதே அடுத்த தேதியைக் கேட்டு போனில் குறித்துவிடுங்கள். இடைவெளி நாட்டுக்கு நாடு மாறும்: எட்டு வாரமும் உண்டு, நான்கு மாதமும் உண்டு. சில இடங்களில் பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்காதீர்கள், அன்றைக்குத்தான் வீட்டில் ஏதாவது விசேஷம் முளைக்கும்.

வாட்ஸ்அப் செய்திக்கு ஓடுவது நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கொடுத்த கையோடு ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றிவிட முடியாது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பரிசோதனைகள் முடிய வேண்டும். விபத்தில் அடிபட்டு வருகிறவருக்கு உடனடியாக ஏறுவது, யாரோ முன்பே கொடுத்து ரத்த வங்கியின் குளிரில் இருக்கிற பைதான். அதையும் நிறைய சேர்த்து வைத்துக்கொள்ள வழியில்லை. சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம் தாங்கும். ரத்தம் உறைய உதவுகிற, புற்றுநோய் சிகிச்சையில் அதிகம் தேவைப்படுகிற தட்டணுக்கள் 5 முதல் 7 நாள் வரைதான். கடுமையான தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) உள்ள குழந்தைகளுக்கோ இரண்டிலிருந்து ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும், வருடம் முழுவதும். இவர்கள் எல்லோருக்காகவும் ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் செய்தி வருவதில்லை. அவசரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவரைவிட, சத்தமில்லாமல் தேதிக்கு வந்துபோகிறவரைத்தான் ரத்த வங்கி நம்பியிருக்கிறது.

போன இடத்தில் திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிடாதீர்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டை நீலக் கரைசலில் விடுவார்கள். சொட்டு மூழ்கினால் ஹீமோகுளோபின் போதும், மிதந்தால் இன்னொரு நாள். (இப்போது பல இடங்களில் கருவியிலேயே பார்த்துவிடுகிறார்கள்.) ரத்தம் கொடுத்ததால் குறைந்த நீர்ச்சத்து ஓரிரு நாளில் ஈடாகிவிடும், சிவப்பணுக்களுக்குச் சில வாரம் ஆகும், இரும்புச்சத்து பழைய நிலைக்கு வரத்தான் மாதக்கணக்காகும். தவறாமல் கொடுப்பதென்று முடிவு செய்தால் சாப்பாட்டில் அதைக் கவனியுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். போவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் மயக்கம் வருகிற வாய்ப்பு குறையும்.

அப்புறம், கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரே நாளில் போக வேண்டாம். அன்றைக்குக் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்பார்கள். வீட்டில் குழந்தைகளைத் தூக்க ஒருவராவது வேண்டுமே!

நான்கு வருடம் ஏன் வரவில்லை என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. படிவத்தில் 'கடைசியாகக் கொடுத்த தேதி' என்று ஒரு கட்டம் இருக்கும், தோராயமாக எழுதினால் போதும்.