கலங்கல் தண்ணீரில் மீனுக்குக் கண் தெரியுமா?

கேள்வி: வணக்கம் சேர். நோர்வூட்டுக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் தூண்டில் போடுவோம். வெயில் நாளில் திலாப்பியா கூட்டமாக நிற்பது தெரியும், ஆனால் கிட்டப் போனதும் ஓடிவிடும். மழை பெய்து தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டால் ஒன்றுமே கடிக்காது. கலங்கல் தண்ணீரில் மீனுக்குக் கண் தெரியுமா? மா உருண்டைக்குச் சிவப்புக் கலர் போட்டால் நல்லது என்கிறார்கள், உண்மையா? கதைத்தால் மீன் ஓடிவிடும் என்று பெரியப்பா எங்களை வாய் திறக்கவே விடுவதில்லை. இரவில் டோர்ச் அடிக்கலாமா?

பதில்: பெரியப்பா சொல்வது பாதி சரி. கரையில் நின்று கதைக்கும் சத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் தண்ணீருக்குள் இறங்கும். மீதியெல்லாம் நீர்ப்பரப்பில் பட்டு மேலேயே திரும்பிவிடும். ஆகவே கிரிக்கெட்டோ அரசியலோ தாராளமாகக் கதையுங்கள். தொம் தொம் என்று நடப்பதும், வாளியைக் கல்லில் இடிப்பதும்தான் ஆகாது. அந்த அதிர்வு நிலத்தின் வழியே நேராகத் தண்ணீருக்குள் போகிறது. கார்ப் மீன் நிற்கும் இடமென்றால் இன்னும் கவனம் வேண்டும். கார்ப்பின் காற்றுப்பையிலிருந்து உட்காது வரை சின்னச் சின்ன எலும்புகள் ஒன்றோடொன்று தொடுத்து நிற்கின்றன. வெபர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1820இல் இவற்றை விவரித்தார். பையில் படும் அதிர்வை இந்த எலும்புகள் காதுக்குக் கடத்துவதால் கார்ப்புக்கு நுணுக்கமான ஒலியும் கேட்கும். திலாப்பியாவுக்கு இந்த எலும்புகள் கிடையாது, தாழ்ந்த ஒலிகள்தான் அதன் காதுக்கு எட்டும்.

அப்படியானால் தெளிந்த நாளில் திலாப்பியா ஏன் ஓடுகிறது? உங்களைப் பார்த்துவிடுகிறது, அவ்வளவுதான். தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கும்போது வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடியாகி, குளத்தின் அடியைத்தான் காட்டும். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால் வருவது இது. ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 2.26 மீட்டர். வட்டத்தின் விளிம்பில், அதாவது தண்ணீரோடு ஒட்டினாற்போல் தாழ்வாக உள்ள எதுவும் நசுங்கி மங்கலாகத்தான் தெரியும். நீர்மட்டத்திலிருந்து 10 பாகைக் கோணத்துக்குக் கீழே இருந்தால் நீங்கள் கிட்டத்தட்ட மறைந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நடைமுறைக் கணக்கில், நிற்கும் ஆள் மீனிலிருந்து 9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், குந்தியிருந்தால் 5 மீட்டர் போதும். காசல்ரீயில் தண்ணீர் வற்றியிருக்கும்போது செம்மண் கரை சரிவாக மேலே ஏறிப் போகிறதல்லவா, அந்தச் சரிவின் உச்சியில் வானத்தைப் பின்னால் வைத்து நிற்காதீர்கள். பின்னால் தேயிலையோ மரமோ இருக்கட்டும். காற்றடித்து அலை எழும் நேரம் நல்ல நேரம், வட்டம் துண்டு துண்டாகிவிடும்.

கார்ப் தலையைக் குழம்பு வைத்தால் கண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு மணி உருண்டு வருமே, அதுதான் கண்ணின் வில்லை. பச்சையாக எடுத்துப் பார்த்தால் துளி நீரைப் போலத் தெளிவாக, முழு உருண்டையாக இருக்கும். நம் கண்ணில் ஒளியைப் பெரும்பாலும் வளைப்பது முன்பக்கத்துக் கருவிழித் தோல். தண்ணீருக்குள் அதற்கு வேலை இல்லாமல் போவதால்தான் முங்கிப் பார்க்கும்போது நமக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது. மீனில் அந்த வேலை முழுவதையும் இந்த உருண்டையே பார்க்கிறது. கிட்டப் பார்க்கவும் எட்டப் பார்க்கவும் வில்லையின் வடிவம் மாறுவதில்லை, தசை அதை முன்னும் பின்னுமாக இழுக்கிறது.

இனி அந்தச் சிவப்புக் கலர். தண்ணீரில் சிவப்புதான் முதலில் மறையும் என்று யூடியூப்பில் சொல்வது தெளிந்த கடலுக்குப் பொருந்தும். இலை தழை ஊறிய குளத்து நீரில் கதை வேறு. அங்கே ஊதாவும் நீலமும்தான் முதலில் உறிஞ்சப்படும், மஞ்சளும் சிவப்பும் மிஞ்சும். நன்னீர் மீன்கள் பலவற்றின் விழித்திரை நிறமி அதற்கேற்ப விற்றமின் ஏ2 கொண்டு ஆனது, சிவப்புப் பக்கத்து ஒளியை நன்றாகப் பிடிக்கும். விலாங்கு முட்டையிடக் கடலுக்குப் புறப்படும்போது இதே நிறமியை ஏ1 வகைக்கு மாற்றிக்கொள்கிறது, கண்ணும் பெரிதாகிறது! ஆகவே சிவப்பு வீண் இல்லை. ஆனால் தெளிந்த நாளில் மட்டும்.

மழைக்குப் பிந்திய தண்ணீரில் எந்த நிறமும் எடுபடாது. மிதக்கும் களிமண் துகள்கள் ஒளியைச் சிதறடித்துவிடுகின்றன. கண் தெரியும், ஆனால் பார்ப்பதற்கு ஒன்றும் இராது. ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியில் ஒரு கல்லைக் கட்டிக் கயிற்றில் இறக்கிப் பாருங்கள். செக்கி என்ற இத்தாலியர் 1865இல் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிச் செய்த சோதனைதான் இது. ஒரு சாண் ஆழத்திலேயே மூடி மறைந்துவிட்டால் கலர் விஷயத்தை விட்டுவிடுங்கள்.

அப்போது மீன் இரை தேடுவது மூக்காலும் நாவாலும் உடம்பாலும். அடுத்த முறை பிடித்த திலாப்பியாவைத் திருப்பிப் பாருங்கள். செவுளுக்குப் பின்னால் மேல்பக்கத்தில் துளையுள்ள செதில்கள் ஒரு கோடாகப் போய் நடுவில் நின்றுவிடும், சற்றுக் கீழே இன்னொரு கோடு தொடங்கி வால் வரை போகும். கார்ப்பில் ஒரே கோடு. அந்தத் துளைகளுக்குள் இருக்கும் நுண்மயிர்கள் நீரின் சின்ன அசைவையும் உணரும், ஆனால் எட்டும் தூரம் மீனின் உடம்பு நீளத்தைப் போல் ஒன்றிரண்டு மடங்குதான். கார்ப்புக்கு வாயோரத்தில் இரண்டு சோடி மீசை உண்டு, அவற்றிலும் சுவை உணரும் மொட்டுகள். சேற்றோடு சேர்த்து உறிஞ்சி, இரையை வாயிலேயே பிரித்து மண்ணைத் துப்பிவிடும். ஆகவே மழை நாளில் கார்ப்பைக் குறி வையுங்கள். மண்புழுவைக் கிள்ளிப் போடுங்கள், சாறு கரையட்டும். தூண்டிலை அடிக்கடி இழுக்காமல் அடியிலேயே கிடக்க விடுங்கள், மணம் பரவ நேரம் வேண்டும். தேயிலைச் சரிவிலிருந்து சிற்றோடை வந்து விழும் இடங்களில் கலங்கலும் தெளிவும் சந்திக்கும் ஓரம் என் கணக்கில் நல்ல இடம், புழுவும் அங்கேதான் அடித்து வரும்.

திலாப்பியா கடிக்காததற்குக் கலங்கல் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்த மொசாம்பிக் திலாப்பியா ஆப்பிரிக்க வெப்ப நீர் மீன். உங்கள் பக்கத்து மழை குளிரையும் கூட்டிக்கொண்டு வரும். தண்ணீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அதற்குப் பசி மந்தமாகிவிடும். இரண்டு வெயில் நாள் பொறுங்கள்.

டோர்ச் பற்றி: பெரும்பாலான மீன்களுக்கு இமையும் இல்லை, கண்மணியைச் சுருக்கவும் முடியாது. பகல் பார்வைக்கும் இரவுப் பார்வைக்குமான கலங்கள் விழித்திரைக்குள் இடம் மாறித்தான் வெளிச்சத்துக்குப் பழக வேண்டும், அதற்கு அரை மணித்தியாலத்துக்கு மேலும் ஆகலாம். தண்ணீரில் நேராக அடித்தீர்களானால் அந்த இடம் அன்றிரவுக்குப் பெரும்பாலும் கெட்டுப்போகும். தங்கூசி கட்டவும் முள்ளில் புழு கோர்க்கவும் வெளிச்சம் வேண்டுமென்றால் தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று அடியுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. மழை நாளில் அணைக்குக் கீழே கெசல்கமுவ ஓயாவுக்குள் இறங்கித் தூண்டில் போட வேண்டாம். காசல்ரீ வான் பாயத் தொடங்கினால் ஓயா சட்டென்று ஏறும்.