‘இந்த’ மாறாது, ‘திஸ்’ மாறும்

கேள்வி: ஐயா, பள்ளிப்படிப்பு முழுக்க எனக்குத் தமிழ் மீடியம். கல்யாணமாகி டெல்லி வந்து மூன்று வருடம் ஆகிறது. மயூர் விஹாரில் வீடு, நேரு பிளேஸில் ஓர் அலுவலகத்தில் அட்மின் வேலை. போன வாரம் நான் தயாரித்த சர்க்குலரில் மேலதிகாரி நான்கு இடத்தில் சிவப்பு மை போட்டுவிட்டார். ‘திஸ் டாக்குமென்ட்ஸ்’, ‘ஈச் டிபார்ட்மென்ட்ஸ்’, ‘ஒன் ஆஃப் அவர் காலீக்’ மூன்றும் தப்பு என்றார். ஒப்புக்கொண்டேன். நான்காவதுதான் இடிக்கிறது. ‘எவ்ரி எம்ப்ளாயீ ஷுட் சப்மிட் தேர் ஐடி கார்ட்ஸ்’ என்று எழுதியிருந்தேன். ‘எவ்ரி ஒருமை, தேர் பன்மை, இரண்டும் சேராது’ என்று சொல்லி, ‘தேர்’ஐ அடித்துவிட்டு ‘ஹிஸ் ஆர் ஹர்’ என்று எழுதினார். நான் பார்க்கும் மெயில்களில் எல்லாம் ‘தேர்’தான் இருக்கிறது. எது சரி? இந்த ஒருமை பன்மைக் குழப்பம் எனக்கு எப்போதுதான் தீரும்?

பதில்: மூன்று அவர் பக்கம், ஒன்று உங்கள் பக்கம். அந்த ஒன்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ‘திஸ் டாக்குமென்ட்ஸ்’. இந்தத் தப்பு கவனக்குறைவால் வருவதில்லை, தமிழிலிருந்து வருகிறது. ‘இந்தக் கடிதம்’ என்கிறோம், ‘இந்தக் கடிதங்கள்’ என்றும் சொல்கிறோம். ஒன்றோ ஒன்பதோ, ‘இந்த’ அசைந்து கொடுப்பதில்லை. பேச்சில் இன்னும் தாராளம். பழக்கடையில் ‘அஞ்சு மாம்பழம் குடுங்க’ என்கிறோமே தவிர யாரும் ‘மாம்பழங்கள்’ கேட்பதில்லை. ‘இந்த ஃபைல் எல்லாம் அனுப்பணும்’ என்னும்போது பன்மையை ‘எல்லாம்’ என்ற சொல் ஒன்றே சுமக்கிறது. சுற்றிலும் கேட்கும் இந்தி மொழியாவது கைகொடுக்குமா என்றால், அங்கும் பேச்சுவழக்கில் ஒன்றுக்கும் ‘யே’, பலவற்றுக்கும் ‘யே’. ஆங்கிலம்தான் சுட்டுச்சொல்லையும் பெயரோடு சேர்த்து மாற்றச் சொல்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் நமக்கு அனுகூலம் உண்டு. ‘விடு’வையும் ‘வீடு’ஐயும் குழப்பாத காது நம்முடையது. ஒருமைக்கு வரும் ‘திஸ்’ குறில், பன்மைக்கு வரும் ‘தீஸ்’ நெடில். நெடிலின் முடிவில் வண்டு ரீங்கரிப்பதுபோல ஓர் அதிர்வும் உண்டு. தூரத்தில் இருப்பதற்கு ‘தட்’, ‘தோஸ்’. எழுதி முடித்ததும் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். பலவற்றைச் சொல்ல வந்த இடத்தில் குறில் கேட்டால் உடனே உறுத்தும்.

இன்னொரு பழக்கம்: பெயர்ச்சொல்லை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் பின்னால் போய்ச் சுட்டுச்சொல்லைப் போடுங்கள். பெயரின் கடைசியில் ‘ஸ்’ கேட்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ‘பீப்பிள்’ ஸ் இல்லாமலே பன்மை, ஆகவே ‘தீஸ் பீப்பிள்’. ‘நியூஸ்’ ஸ் இருந்தும் ஒருமை, ஆகவே ‘திஸ் நியூஸ்’. கத்தரிக்கோல் ஒன்றுதான், ஆனாலும் ‘தீஸ் சிசர்ஸ்’. நடுவில் ‘பேர் ஆஃப்’ வந்துவிட்டால் ‘திஸ் பேர் ஆஃப் சிசர்ஸ்’, ஏனென்றால் இப்போது ‘திஸ்’ஸுக்குத் துணை ‘பேர்’. நன்றாக எழுதுகிறவர்களே சறுக்கும் இடம் ‘தீஸ் கைண்ட் ஆஃப் மிஸ்டேக்ஸ்’. அங்கே பக்கத்தில் நிற்பது ‘கைண்ட்’, மிஸ்டேக் அல்ல. ‘திஸ் கைண்ட் ஆஃப் மிஸ்டேக்’ அல்லது ‘தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் மிஸ்டேக்ஸ்’ என்று எழுதுங்கள்.

‘ஈச் டிபார்ட்மென்ட்ஸ்’ தப்பு என்பதைத் தமிழே சொல்லிவிடும். ‘ஒவ்வொரு துறையும்’ என்பதுதான் முறை, ‘ஒவ்வொரு துறைகளும்’ அல்ல. ‘ஈச்’, ‘எவ்ரி’ இரண்டும் அப்படியே. பின்னால் வரும் பெயர் ஒருமை, வினையும் ஒருமை. ‘ஈச்’சுக்குப் பிறகு ‘ஆஃப்’ வந்தால் மட்டும் பெயர் பன்மையாகும்: ‘ஈச் ஆஃப் தி டிபார்ட்மென்ட்ஸ் ஹேஸ் எ பிரின்டர்’. வினை அப்போதும் ‘ஹேஸ்’தான். ‘எவ்ரி ஆஃப்’ என்ற ஒன்று கிடையாது. ‘எவ்ரி டூ வீக்ஸ்’ என்கிறார்களே என்று கேட்காதீர்கள். அங்கே இரண்டு வாரத்தையும் கட்டி ஒரு பொட்டலமாக எண்ணுகிறார்கள்.

இங்கே தமிழ் காலை வாருவது ‘எவ்ரிபடி’யில். அர்த்தம் ‘எல்லோரும்’, ‘எல்லோரும் வந்தார்கள்’ நமக்குப் பன்மை. அந்த நினைப்பில் ‘எவ்ரிபடி ஹேவ் கம்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலக்காரருக்கு அது ‘ஒவ்வொருவரும்’. ஆகவே ‘ஹேஸ் கம்’.

‘ஒன் ஆஃப் அவர் காலீக்’ விஷயத்தில் எழுத்துத் தமிழைக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பீர்கள். ‘எங்கள் சக ஊழியர்களில் ஒருவர்’. பலரை வைத்துத்தானே ஒருவரைப் பிரிக்க முடியும்? ஆனால் மெயில் எழுதும்போது நம் மண்டைக்குள் ஓடுவது பேச்சுத் தமிழ்: ‘எங்க ஆபீஸ் பொண்ணு ஒருத்தி’. அது அப்படியே ஆங்கிலமாக இறங்கிவிடுகிறது. ‘ஒன் ஆஃப் அவர் காலீக்ஸ் இஸ் ஆன் லீவ்’ என்பது சரி. பெயர் பன்மை, லீவில் இருப்பவர் ஒருவர் என்பதால் வினை ஒருமை. ‘காலீக்ஸ்’ பக்கத்தில் இருக்கிறதே என்று ‘ஆர்’ போட்டால் உங்கள் மேலதிகாரிக்கு இன்னொரு சிவப்பு மை வேலை.

அவர் திருத்தாத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறப்போகும் மாமியாரிடம் ‘எத்தனை பெட்டி?’ என்று கேட்போம், ‘எவ்வளவு லக்கேஜ்?’ என்று கேட்போம். எத்தனை என்பது ‘ஹவ் மெனி’, எவ்வளவு என்பது ‘ஹவ் மச்’. எண்ணுகிற பொருள் முதலாவதில், அளக்கிற பொருள் இரண்டாவதில். அளக்கிற பக்கத்தில் பன்மை இல்லை. ‘லக்கேஜஸ்’ கிடையாது, ‘தீஸ் லக்கேஜ்’ கிடையாது. மலைபோலக் குவிந்தாலும் ‘திஸ் லக்கேஜ்’தான். ஃபர்னிச்சர், எக்விப்மென்ட், ஃபீட்பேக் எல்லாம் இதே ஜாதி. ‘இன்ஃபர்மேஷன்’ மட்டும் இந்தச் சோதனையில் சிக்காது. தமிழில் ‘எத்தனை தகவல்கள்’ என்று கேட்கலாம், ஆங்கிலத்தில் அதற்கும் ‘ஸ்’ சேராது. அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

இப்போது ‘தேர்’. உங்கள் மேலதிகாரி பழைய பள்ளிக்கூட விதியைச் சொல்கிறார். அவர் போட்ட ‘ஹிஸ் ஆர் ஹர்’ தப்பில்லை. ஆனால் உங்கள் ‘தேர்’ தப்பு என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆணா பெண்ணா என்று தெரியாத, தெரியத் தேவையில்லாத ஒருவரை ‘தே’ என்று சொல்வது நேற்று வந்த நாகரிகம் அல்ல, 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. நடுவில் வந்த இலக்கணக்காரர்கள் அதை விரட்டிவிட்டு ‘ஹி’யை உட்கார வைத்தார்கள். ‘ஹி’ என்றாலே பெண்ணும் சேர்த்தி என்பது அவர்கள் வாதம். நம் சட்டத்திலும் அது இருக்கிறது. 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், 13-ஆம் பிரிவின்படி, சூழல் வேறாகக் காட்டாதவரை மத்தியச் சட்டங்களில் வரும் ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும், ஒருமை பன்மையையும் குறிக்கும், பன்மை ஒருமையையும் குறிக்கும். சட்டத்துக்கு அது போதும். பாதிப்பேர் பெண்களாக இருக்கும் அலுவலகத்தில் ‘ஹிஸ் ஐடி கார்ட்’ என்று ஒட்டினால் நன்றாகவா இருக்கும்?

அப்புறம் காலம் மாறியது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடு தன் 7-ஆம் பதிப்பில் ஒருமை ‘தே’யை ஏற்றுப் பரிந்துரைத்தது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019-இன் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததும் இதே ‘தே’யைத்தான்.

தமிழருக்கு இதில் ஆச்சரியமே இருக்கக்கூடாது. ‘அவர்’ என்பது பழந்தமிழில் பன்மை, பலரைக் குறித்த சொல். மரியாதைக்காக அதை ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். பன்மைக்கு ஆள் இல்லாமல் போகவே, மேலே ஒரு ‘கள்’ ஒட்டி ‘அவர்கள்’ ஆக்கினோம். ஒருவரைப் பன்மையால் சொல்வது இலக்கண நெறியல்ல, வழக்கில் உயர்வுக்காக வருவது என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் அப்போதே குறித்திருக்கிறது. உங்கள் மேலதிகாரிக்கு நல்ல துணை! ஆனால் வழக்கு நின்றுவிட்டது பாருங்கள். ‘ஒவ்வொருவரும் தங்கள் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும்’ என்று இன்று தயங்காமல் எழுதுகிறோம். ‘ஒவ்வொருவரும்’ ஒருமையில் தொடங்கி ‘தங்கள்’ என்று பன்மையில் போகிறது. உங்கள் சர்க்குலர் வாக்கியமும் இதே அச்சு.

ஆங்கிலத்திலும் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. ‘யூ’ ஒரு காலத்தில் பன்மைக்கும் மரியாதைக்கும் மட்டும் இருந்தது, ஒருவருக்கு ‘தௌ’. அதனால்தான் எதிரில் ஒரே ஆள் நின்றாலும் ‘யூ ஆர்’ என்கிறோம். ‘தே’யும் அப்படியே: ஆள் ஒருவரானாலும் வினை ‘ஆர்’, ‘ஹேவ்’. ‘தே இஸ்’ என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, நாளைக்கு ஆபீஸில் என்ன செய்வது? சண்டை வேண்டாம். வாக்கியத்தையே பன்மையாக்குங்கள்: ‘ஆல் எம்ப்ளாயீஸ் ஷுட் சப்மிட் தேர் ஐடி கார்ட்ஸ்’. இதில் இரண்டு தரப்புக்கும் குறை சொல்ல இடமில்லை. அறிவிப்பில் நான் முதலில் தேடுவது இந்த வழியைத்தான். ‘ஹிஸ் ஆர் ஹர்’ ஒருமுறை வந்தால் தாங்கும், ஒரு பத்தியில் நான்கு முறை வந்தால் படிக்கிறவருக்கு மூச்சு வாங்கும்.

இன்னும் ஒன்று. அவர் திருத்திய பிறகு உங்கள் வாக்கியம் ‘எவ்ரி எம்ப்ளாயீ ஷுட் சப்மிட் ஹிஸ் ஆர் ஹர் ஐடி கார்ட்ஸ்’ என்று நிற்கிறது. கடைசி ‘ஸ்’ஸை அவர் கவனிக்கவில்லை. ஆளுக்கு ஒரு கார்டு என்றால் ‘ஐடி கார்ட்’ என்று முடிந்திருக்க வேண்டும். இதை அவரிடம் போய்ச் சொல்வதா, பேசாமல் நீங்களே அழித்துவிட்டு அனுப்புவதா என்பது உங்கள் பாடு.