லான்சலாட்டை முதலில் வெளியே அனுப்புங்கள்

கேள்வி: ஓடிடியில் ‘தி கிரீன் நைட்’ பார்த்து நொந்துபோனேன். பழைய பிரிட்டன் கதைகளில் வரும் ஆர்தர் ராஜாவின் வீரன் கவெய்னாக இந்திய வம்சாவளி நடிகர்! முடிவும் மூலத்தில் உள்ளபடி இல்லை. கல்லூரியில் படிக்கும் என் மகளோ ‘மெர்லின்’ தொடரை நாலாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதில் ராணி க்வினெவிர் ஒரு வேலைக்காரப் பெண்ணாம். மூலத்தை விட்டுவிட்டு ஆளாளுக்கு மாற்றும் இந்த நகல்களை எப்படித்தான் ரசிக்கிறார்கள்? மூலத்துக்கு மரியாதையே இல்லையா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: மூலம், மூலம் என்று எழுதுகிறீர்கள், எது மூலம் என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. பரவாயில்லை, தேடிப் பார்ப்போம். பின்னால் வந்து சேர்ந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவோம். மிஞ்சுவது உங்கள் மூலம்.

முதலில் ஆர்தரின் வீரன் லான்சலாட்டை வெளியே அனுப்புங்கள். ராணிக்கும் அவனுக்கும் இருந்த காதல், 12-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிரெத்தியான் து த்ருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர் எழுதியது. ஷாம்பெய்ன் பிரபுவின் மனைவி மாரி கேட்டுக்கொண்டதால் எழுதினேன் என்று அவரே ஆரம்பத்தில் சொல்லிவிடுகிறார். கேமலாட் என்ற ஊர்ப் பெயரும் முதலில் அந்தக் கவிதையில்தான் வருகிறது. ஆகவே தலைநகரமும் போயிற்று. வட்ட மேசை? 1155-ல் வாஸ் என்பவர் கொண்டுவந்து போட்டது, தூக்கிவிடுங்கள். கல்லில் செருகிய வாள் 1200-ஐ ஒட்டி ரொபேர் து போரோன் செருகியது, பிடுங்கிவிடுங்கள். மந்திரவாதி மெர்லினை ஆர்தர் வம்சத்தோடு முடிச்சுப் போட்டவர் 1136 வாக்கில் லத்தீனில் எழுதிய ஜெஃப்ரி ஆஃப் மான்மத். ‘மிகப் பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது, அதைத்தான் மொழிபெயர்க்கிறேன்’ என்றார். அந்தப் புத்தகத்தை இன்றுவரை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

இப்போது என்ன மிச்சம்? 9-ஆம் நூற்றாண்டு லத்தீன் நூல் ஒன்றில் சில வரிகள். ஆர்தர் 12 போர்கள் நடத்தினார். பேடன் குன்றில் ஒரே நாளில் ஒரே பாய்ச்சலில் 960 பேரைத் தனியாளாக வீழ்த்தினார். அவ்வளவுதான். அங்கே அவர் ராஜாகூட இல்லை, படைத்தலைவர். இதைப் படமாக எடுத்தால் இடைவேளை வரை தாங்காது (960 பேரைத் தனியாளாக அடிக்கும் நாயகன் நமக்குப் புதிதில்லை என்பது வேறு விஷயம்).

வேல்ஸ் பக்கம் போனால் வேறொரு ஆர்தர். ராட்சதக் காட்டுப்பன்றி ஒன்றின் இரண்டு காதுகளுக்கு நடுவே இருக்கிற சீப்பையும் கத்தரிக்கோலையும் எடுக்க, ஆள் அம்போடு நாடு முழுக்கத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். கூட ஓடுகிறவர்களில் ஒருத்தன் எறும்பு நடக்கும் ஓசையைக் கேட்பான், இன்னொருத்தன் கடலையே உறிஞ்சுவான் என்கிற ரகம். இதுவா நீங்கள் மரியாதை கேட்கிற மூலம்?

நானும் ஒரு காலத்தில் உங்கள் கட்சிதான். பி.ஏ. வகுப்பில் டென்னிசனின் ஆர்தர் கவிதை பாடம். சாகக் கிடக்கும் ராஜா தன் வாளை ஏரியில் எறிந்துவிட்டு வா என்கிறார். அவருடைய வீரன் பெடிவர் வாளின் பிடியில் பதித்த கற்களைப் பார்த்து மயங்கி, நாணலுக்குள் ஒளித்து வைத்துவிட்டு வந்து ‘எறிந்துவிட்டேன்’ என்று பொய் சொல்கிறான். ‘என்ன பார்த்தாய்?’ ‘தண்ணீர் அலம்பும் சத்தம்தான் கேட்டது.’ இரண்டு தடவை இதே கதை. அந்த வகுப்பில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுதான் ஆர்தர் என்று முடிவு கட்டிவிட்டேன். டென்னிசன் விக்டோரியா ராணி காலத்து ஆசாமி, மாலரி என்பவரின் ஆர்தர் கதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதினார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மாலரியோ 1469-70-ல் சிறையில் இருந்தபடி எழுதி முடித்தவர். ‘பிரெஞ்சுப் புத்தகம் சொல்வதுபோல’ என்று வாய்க்கு வாய் சொல்கிறவர். சரி, மாலரியாவது கலப்படமில்லாமல் நம்மிடம் வந்தாரா என்றால், 1485-ல் அச்சிட்ட காக்ஸ்டன் ஏகத்துக்கும் கத்தரி போட்டிருக்கிறார். 1934-ல் வின்செஸ்டர் பள்ளியின் பெட்டகத்தில் கையெழுத்துப் பிரதி அகப்பட்டபோதுதான் அது வெளியே தெரிந்தது. ரோம் மீது படையெடுக்கும் பகுதியில் பாதிக்கு மேல் காணோம். நானும் கத்தரிக்கோல் பிடித்துப் பிழைக்கிறவன், காக்ஸ்டனைக் குறை சொல்ல மாட்டேன்.

கம்பன் உதாரணத்தை இழுக்கப் போவதில்லை. அது உங்களுக்கே தோன்றியிருக்கும்.

அடுத்தது நடிகரின் நிறம். தேவ் படேலைப் பார்த்து முகம் சுளிக்கும் முன் 1200-களின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழியில் வோல்ஃப்ராம் எழுதிய ‘பார்ட்ஸிவால்’ காவியத்தைப் பாருங்கள். நாயகனுக்கு ஃபைரஃபிட்ஸ் என்று ஓர் அண்ணன், ஒரே தகப்பன், வேறு தாய். தாய் கறுப்பின ராணி. பிள்ளையின் உடம்பெல்லாம் கறுப்பும் வெளுப்பும் திட்டுத்திட்டாக இருக்கும். அண்ணனும் தம்பியும் யாரென்று தெரியாமல் மோதி, தம்பியின் வாள் உடைகிறது. நிராயுதபாணியை வெட்ட மாட்டேன் என்று அண்ணன் தன் வாளையும் வீசி எறிகிறான். கடைசியில் ‘கிரெயில்’ என்ற புனிதக் கல்லைச் சுமந்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு எங்கே போகிறான் தெரியுமா? இந்தியாவுக்கு! அங்கே பிறந்த பிள்ளைதான் ஐரோப்பாவே தேடித் திரிந்த கிறிஸ்தவ ராஜா பிரெஸ்டர் ஜான் என்று வோல்ஃப்ராம் கதையை முடிக்கிறார். கற்பனைதான். ஆனால் 800 வருஷத்துக்கு முந்தைய ஜெர்மானியருக்கு உறுத்தாதது கும்பகோணத்தில் ஏன் உறுத்துகிறது?

முடிவை மாற்றிவிட்டார்கள் என்கிற புகாரில் மட்டும் விஷயம் இருக்கிறது. நீங்கள் படம் பார்த்துவிட்டதால் தாராளமாகப் பேசலாம். படம் எடுத்துக்கொண்ட 14-ஆம் நூற்றாண்டுக் கவிதையில், விருந்து நேரத்தில் பச்சை உடம்பும் பச்சைக் குதிரையுமாக ஒருவன் சபைக்குள் வந்து, என் தலையை வெட்டு, வருஷம் திரும்பியதும் உன் தலையை நான் வெட்டுவேன், சம்மதமா என்கிறான். கவெய்ன் வெட்டுகிறான். தலை உருண்டு வருகிறது. உட்கார்ந்திருப்பவர்கள் காலால் தள்ளிவிடுகிறார்கள். முண்டம் நடந்து வந்து தலையை மயிரைப் பிடித்துத் தூக்க, தலை கண்ணைத் திறந்து கெடுவை நினைவூட்டிவிட்டுப் போகிறது. கெடு நெருங்கும் சமயம் ஒரு கோட்டைச் சீமாட்டி, இதைக் கட்டிக்கொண்டால் சாவில்லை என்று பச்சைக் கச்சை ஒன்றைக் கொடுக்கிறாள். கவெய்ன் அதை ஒளித்துக் கட்டிக்கொண்டு போகிறான். மூன்று ஓங்கல். மூன்றாவதில் கழுத்தில் சின்னக் கீறல், ஒளித்ததற்கு அபராதம். வெட்கிப்போய் அந்தக் கச்சையோடே ஊர் திரும்புகிறான். சபையோ சிரித்துவிட்டு, நாங்களும் ஆளுக்கொன்று கட்டிக்கொள்கிறோம் என்கிறது. அது அவமானச் சின்னமா, விருதா? கவிதை சொல்லவில்லை.

படத்தில் கோடரிக்குக் கீழே மண்டியிட்டவன், தப்பி ஓடினால் தன் வாழ்க்கை எப்படிப் போகும் என்பதைக் காண்கிறான். ராஜாவாகிறான், மகனைப் போரில் பறிகொடுக்கிறான், கோட்டை இடிகிறது, கச்சையை உருவியதும் தலை கழன்று விழுகிறது. கண் திறந்து, கச்சையை அவிழ்த்து வைத்துவிட்டு, இப்போது தயார் என்கிறான். கவிஞன் கட்டிக்கொண்டு வாழச் சொன்னதை இயக்குநர் லோவரி அவிழ்த்துவிட்டுச் சாகச் சொல்கிறார். இது கவிதைக்குப் போட்ட எதிர்க்கேள்வி. கவிதை தெரிந்த உங்களுக்கு அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் இரட்டை விருந்தாக இருந்திருக்க வேண்டும். நீங்களோ கணக்குப் பிள்ளை மாதிரி சரி, தப்பு போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

எல்லா மாற்றமும் உசத்தி என்று நான் சொல்லவில்லை. 2004-ல் வந்த ‘கிங் ஆர்தர்’, ‘இதுதான் உண்மை வரலாறு’ என்று விளம்பரம் செய்துகொண்டு, கொட்டும் குளிரில் க்வினெவிரைத் தோல் வாரோடு சண்டைக்கு அனுப்பியது. 2017-ல் கை ரிட்சி எடுத்ததில் மலை அளவு யானைகள் வந்தன, கூட்டம் வரவில்லை. அடுத்தடுத்துப் பாகங்கள் என்ற திட்டம் முதலாவதோடு நின்றது. இந்த இரண்டும் கதையிடம் எதையும் கேட்கவில்லை. பெயரை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டன.

இஷிகுரோவின் ‘தி பரீட் ஜயன்ட்’ நாவல் 2015-ல் கேட்டதைப் பாருங்கள். ஆர்தர் செத்து வருஷமாகிவிட்டது. பிரிட்டன் பூர்வகுடிகளும் வெளியிலிருந்து வந்த சாக்ஸன்களும் பக்கத்து ஊர்களில் சண்டை சச்சரவில்லாமல் இருக்கிறார்கள். காரணம், டிராகன் விடும் மூச்சு மூடுபனியாகப் பரவி எல்லோருக்கும் பழசை மறக்கடித்துவிட்டது. ஆர்தர் காலத்தில் நடந்த படுகொலைகளும் அந்த மறதியில் அடக்கம். துருப்பிடித்த கவசத்தோடு திரியும் கிழட்டு கவெய்ன், டிராகனைக் கொல்ல அலைவதாகச் சொல்லிக்கொள்கிறார். உண்மையில் அவர்தான் அதற்குக் காவல். டிராகன் செத்தால் ஞாபகம் வரும், ஞாபகம் வந்தால் கத்தி வெளியே வரும். ‘ஒரே ஒரு சுபிட்ச காலம் இருந்தது’ என்கிற ஆர்தர் கதையின் அடிமடியிலேயே கை வைக்கிற நாவல் இது.

‘மெர்லின்’ தொடருக்கு வருவோம். 65 எபிசோடு, நடுவே பல, அரைத்த மாவு. மந்திரம் செய்தால் மரண தண்டனை என்கிற ஊரில், மந்திரவாதி இளவரசனின் எடுபிடியாக இருந்துகொண்டு அவன் உயிரையும் தன் ரகசியத்தையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும். அந்த ஒரு முடிச்சு ஐந்து சீசன் இழுக்கிறது. உண்மையைச் சொல்லும்போது ஆர்தர் சாகக் கிடக்கிறான். உங்கள் மகள் நாலாவது தடவை பார்ப்பது அந்த இடத்துக்காக என்று பந்தயம் கட்டுவேன். க்வினெவிர் கொல்லர் மகளாக இருப்பது அவளை உறுத்தாது.

அடுத்த பிறந்தநாளுக்கு அவளுக்கு டி. எச். வொயிட்டின் ‘தி ஒன்ஸ் அண்ட் ஃப்யூச்சர் கிங்’ வாங்கிக் கொடுங்கள். சிறுவன் ஆர்தருக்குப் பாடம் நடத்த மெர்லின் அவனை மீனாக்குவார், பறவையாக்குவார், எறும்பாக்குவார். எறும்புப் புற்றின் வாசல்களில் ‘தடை செய்யப்படாதவை அனைத்தும் கட்டாயம்’ என்று எழுதியிருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தப் புற்றுதான் ஞாபகம் வந்தது. 1958-ல் வந்த முழுப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். 1938-ல் முதல் பாகம் தனியாக வந்தபோது அதில் எறும்பு கிடையாது. மேடம் மிம் என்ற சூனியக்காரி இருந்தாள். பிறகு அவளை எடுத்துவிட்டு எறும்பைச் சேர்த்தவர் வொயிட்டேதான். டிஸ்னி 1963-ல் படம் எடுத்தபோது மிம் திரும்ப வந்துவிட்டாள். இதில் எது மூலம் என்று கேட்டு இன்னொரு கடிதம் போட்டுவிடாதீர்கள்.