வண்டியிலேயே ஏர் கம்ப்ரசரும் சத்தமான ஏர் ஹார்னும் மாட்டுவது எப்படி? எதில் கவனம் வேண்டும்?

கேட்டவருக்கு இரண்டு தேவை: டயருக்குக் காற்றடிக்க வேண்டும், அதே காற்றில் நல்ல சத்தமான ஹார்னும் ஒலிக்க வேண்டும். எந்த ஹார்ன் வாங்கலாம் என்று கேள்வியைத் தொடங்கியிருக்கிறார். நான் தலைகீழாகச் சொல்வேன். ஹார்னைக் கடைசியில் வாங்குங்கள். கம்ப்ரசர், ஒயர், காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்க், வால்வு எல்லாம் சரியாக அமைந்தால் நடுத்தரமான ஹார்ன்கூடக் கம்பீரமாக ஒலிக்கும். அவை சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய ஹார்ன் வாங்கினாலும் முனகத்தான் செய்யும்.

ஹார்ன் மட்டும் போதும் என்பவர்களுக்கு டேங்க்கே வேண்டாம். இரண்டு குழலும் கை அகலக் கம்ப்ரசரும் சேர்ந்து ஒரே பெட்டியில் வருமே, அது போதும். பட்டனை அழுத்தினால் அந்தக் குட்டி கம்ப்ரசர் நேராகக் குழலுக்குக் காற்றைத் தள்ளும். ஆனால் அதை வைத்து டயருக்குக் காற்றடிக்க நினைக்காதீர்கள். சில விநாடிகள் ஓடுவதற்காகச் செய்தது அது, தொடர்ந்து ஓட்டினால் சூடேறிக் கெட்டுவிடும். டயரும் வேண்டும் என்பதால் உங்களுக்குப் பெரிய கம்ப்ரசரும் டேங்க்கும் வைத்த அமைப்புதான் சரி.

கம்ப்ரசர் வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சடித்த பிஎஸ்ஐ (அழுத்த அளவு) எண்ணை விட்டுவிட்டு, டியூட்டி சைக்கிள், அதாவது மொத்த நேரத்தில் எத்தனை பங்கு ஓடலாம் என்பது, எவ்வளவு என்று பாருங்கள். 33 சதவீதம் என்றால் 10 நிமிடம் ஓடினால் 20 நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். 100 சதவீதம் என்றால், குறிப்பிட்ட அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் நிறுத்தாமல் ஓடும். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பிக்கப் வண்டியின் டயர் ஒன்றுக்குள் சுமார் 50 லிட்டர் இடம் இருக்கும். மணலில் ஓட்டுவதற்காக 18 பிஎஸ்ஐக்கு இறக்கிய டயரைத் திரும்ப 32க்கு ஏற்றுவது ஏறக்குறைய 1 பார் (14.5 பிஎஸ்ஐ) உயர்வு. அதற்கு வெளிக்காற்று 50 லிட்டர் தேவை, நான்கு டயருக்கு 200 லிட்டர். எதிரழுத்தம், அதாவது டயருக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்றின் அழுத்தம், இருக்கும்போது நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளும் கம்ப்ரசர் என்றால் ஏழு நிமிடம் விடாமல் ஓட வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் அளவு பெரும்பாலும் எதிரழுத்தமே இல்லாதபோது எடுத்தது. அதனால் எந்த அழுத்தத்தில் எத்தனை லிட்டர் என்ற அட்டவணையைத் தேடிப் பாருங்கள்.

டேங்க்கைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 8 லிட்டர் டேங்க்கை 10 பார், அதாவது 145 பிஎஸ்ஐ வரை நிரப்பினாலும், 3 பார் வரை இறங்குவதற்குள் கிடைக்கும் காற்று 56 லிட்டர்தான். ஒரு டயருக்கே சரியாகப் போய்விடும். டயர் வேலையைச் செய்வது கம்ப்ரசர், டேங்க் அல்ல. டேங்க் இருப்பது ஹார்னுக்காக. ஹார்னுக்குக் காற்று ஒரேயடியாக, நிறைய, உடனே வேண்டும். எந்தக் குட்டி கம்ப்ரசராலும் அப்படித் தர முடியாது. ஆகவே சில விநாடி ஹார்ன் போதும் என்றால் 8 லிட்டரே தாராளம்.

அடுத்தது ஒயரிங். பெரும்பாலான அமைப்புகள் இங்கேதான் சொதப்புகின்றன. இந்த வகைக் கம்ப்ரசர் 12 வோல்ட்டில் 15 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி முன்னால், கம்ப்ரசர் பின்னால் என்று வைத்தால் போக வர 10 மீட்டர் ஒயர் ஆகிவிடும். 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் 25 ஆம்பியர் போனால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழும். கம்ப்ரசர் மந்தமாகச் சுழலும், மோட்டார் அதிகம் சூடேறும். அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குக் கீழ் வந்துவிடும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டினாற்போல, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. கம்ப்ரசர் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டால் தீ பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை. சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே ஒன்று வேண்டும், அதன் முனைகளில் எண்கள் இருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30, அங்கிருந்து 87 வழியாகக் கம்ப்ரசர். 85ஐ எர்த்தில் கொடுங்கள். 86க்கு வரும் லைன் இக்னிஷனிலிருந்து ஒரு சுவிட்ச் வழியாகவும், பிறகு டேங்க்கில் இருக்கும், அழுத்தத்தைப் பார்த்துத் தானே போட்டு அணைக்கும் பிரஷர் சுவிட்ச் வழியாகவும் வரட்டும். இக்னிஷன் லைன் ஏன் என்றால், எங்காவது கசிவு இருந்தால் இரவெல்லாம் கம்ப்ரசர் ஓடி ஓடி நின்று, காலையில் பேட்டரி காலியாகிக் கிடக்கும். பிரஷர் சுவிட்ச் 110 பிஎஸ்ஐயில் போட்டு 145இல் அணைப்பது நல்ல அளவு. ஆனால் கம்ப்ரசர், டேங்க், குழாய், வால்வு எல்லாமே அந்த அழுத்தத்தைத் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். அதற்குச் சற்று மேலே திறக்கும் சேஃப்டி வால்வு டேங்க்கில் இருந்தே ஆக வேண்டும்.

கம்ப்ரசரோடு பின்னல் போட்ட உலோக ஹோஸ் ஒன்று வரும். அதைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் குழாய் போடக் கூடாது. கம்ப்ரசர் தலையிலிருந்து வரும் காற்று அவ்வளவு சூடாக இருக்கும், பிளாஸ்டிக் இளகிப் பிய்த்துக்கொண்டு போய்விடும். அந்த ஹோஸின் முனையில் காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வு இருக்கும். அது போய்விட்டால் டேங்க்கின் அழுத்தம் திரும்பிக் கம்ப்ரசர் தலைமேல் உட்காரும். கம்ப்ரசர் கிளம்பத் திணறும், ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். காரணம் தெரியாமல் ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸாக மாற்றாமல் முதலில் செக் வால்வைப் பாருங்கள்.

மரைகளுக்கு டெஃப்லான் டேப் சுற்றும்போது முனையில் இரண்டு மரை விட்டுச் சுற்றுங்கள். கிழிந்த துணுக்கு உள்ளே போனால் மின்சாரத்தால் திறந்து ஹார்னுக்குக் காற்று விடும் சோலனாய்டு வால்வில் சிக்கி, வால்வு முழுதாக மூடாமல் கசிந்துகொண்டே இருக்கும். எல்லாம் முடிந்ததும் டேங்க்கை நிரப்பி, சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். பெரிய கசிவு உடனே குமிழி விடும். சின்னது அப்படியில்லை, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் மரை ஓரத்தில் வெள்ளையாக, மணிமணியாக நுரை ஒட்டியிருக்கும். அந்த நுரைதான் ராத்திரியில் டேங்க்கைக் காலி செய்வது.

கம்ப்ரசரை சைலன்சர் பக்கமும், தண்ணீர் தெறிக்கும் தாழ்வான இடத்திலும் வைக்க வேண்டாம். இடம் இல்லையென்றால் ஃபில்டரை மட்டும் ஹோஸ் போட்டு உயரமான, காய்ந்த இடத்துக்கு இழுத்து வைக்கலாம். டேங்க்கில் சேரும் தண்ணீரை வடிக்கும் டிரெயின் காக் அடிப்பக்கம், கை எட்டும்படி வரட்டும். திறந்தால் துருநிறத் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். ஈரமான பருவத்தில் வாரம் ஒரு முறை திறந்துவிடுவது என் வழக்கம். உள்ளே துருப்பிடித்து மெலிந்த டேங்க் அழுத்தத்தில் வெடிக்கக்கூடியது.

இப்போது ஹார்ன். குழல் நீளமானால் ஒலி கனமாகும், குட்டையானால் கூர்மையாகும். சோலனாய்டு வால்வை ஹார்னுக்கு அருகிலேயே வையுங்கள், டேங்க்கிலிருந்து அதுவரை அரை அங்குலக் குழாய் போடுங்கள். வால்வு டேங்க் பக்கம் இருந்து, மெல்லிய குழாயும் போட்டால், பட்டனை அழுத்தியதும் இழுத்து இழுத்துத்தான் ஒலி எழும்பும். குழல்களின் வாய் முன்னோக்கி, கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தால் மழைத்தண்ணீர் தேங்காது.

சத்தத்தின் அளவைப் பற்றி நான் ரொம்பக் கண்டிப்பு. அமெரிக்காவில் ரயில் எஞ்சின் ஹார்னுக்கு விதித்திருப்பது 100 அடி (சுமார் 30 மீட்டர்) தூரத்தில் 96 முதல் 110 டெசிபல். தூரம் பாதியானால் திறந்த வெளியில் சத்தம் 6 டெசிபல் கூடும். அதே ஹார்ன் 2 மீட்டரில் 120 முதல் 134 வரை போகும். சிக்னலில் உங்கள் பம்பர் பக்கத்தில் நிற்கும் சைக்கிள்காரரின் காது அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது, கைக்குழந்தையின் காதும் அங்கேதான். ஐ.நா. 28ஆம் விதிமுறை வண்டியில் பொருத்திய ஹார்னுக்கு 7 மீட்டரில் 112 டெசிபலை உச்ச வரம்பாக வைக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் பல குழல் ஹார்னையே தடை செய்திருக்கலாம், வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

வண்டியின் பழைய ஹார்னைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஊருக்குள் அதுதான் ஹார்ன். ஏர் ஹார்னுக்குத் தனி பட்டன், அதற்கு முன்னால் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். டேங்க்கில் காற்று இல்லாத நாளிலும் பழையது ஒலிக்கும். தகுதிச் சான்றுக்கும் அதுதான் கேட்கப்படும். சோதித்துப் பார்க்கும்போது குழல் பக்கம் யாரும் இல்லாமல் பார்த்து, காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுடையது ஏர் பிரேக் உள்ள லாரி என்றால், மேலே சொன்னது எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிரேக் டேங்க்கிலிருந்து ஹார்னுக்கு நேராக லைன் எடுக்கக் கூடாது. அந்த லைன் அறுந்தால் போவது பிரேக்கின் காற்று. பிரேக் அல்லாத மற்ற வேலைகளுக்கான துணைக் காற்றுச் சுற்றிலிருந்து, அழுத்தம் குறைந்தால் தானே மூடிக்கொள்ளும் பாதுகாப்பு வால்வு வழியாகத்தான் எடுக்க வேண்டும். அதையும் ஏர் பிரேக் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.