அம்பை சாமியார் சொல்லி இன்சுலினை நிறுத்தலாமா?

தம்பி, அம்பாசமுத்திரத்துச் சாமியார் ஒருவர் பேச்சைக் கேட்டு, சர்க்கரை நோய்க்கு அப்பா போடும் இன்சுலின் ஊசியை நிறுத்த அம்மா நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அப்பாவுக்கு இன்சுலினை நிறுத்த விடாதீர்கள். அகத்தியர் வாக்கு என்று சாமியார் சொன்னாலும் சரி, அம்மா அழுதாலும் சரி. சட்டென்று நிறுத்தினால் சர்க்கரை தாறுமாறாக ஏறி, சில நாளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் எது வந்தாலும் உடனே பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

எலுமிச்சையில் ரத்தம் வந்ததைப் பார்த்துத்தான் அம்மா நம்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். செம்பருத்தி இதழைக் கத்தியில் நன்றாகத் தேய்த்துக் காயவிடுங்கள். அதால் பழத்தை அறுத்தால் சாறு சிவப்பாக வடியும். புளிப்பு பட்டதும் அந்தப் பூவின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். வெறுங்கையில் வரும் விபூதியும் அப்படியே: கஞ்சித் தண்ணீரில் உருட்டிக் காயவைத்த வில்லையை விரலிடுக்கில் மறைத்து நுணுக்குவார்கள்.

இப்படிப்பட்ட சாமியார்களின் வித்தைகளை அம்பலப்படுத்திய பகுத்தறிவாளர், இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வாங்கவில்லை.

ஆனால் அம்மாவிடம் கோவூர் பேச்சை எடுக்காதீர்கள், வீம்புதான் வரும். அடுப்படியில் அவர்கள் கையாலேயே அந்த எலுமிச்சையை அறுக்கச் சொல்லுங்கள். பாபநாசம் போகட்டும், நெல்லையப்பரைக் கும்பிடட்டும், அதைத் தடுக்க வேண்டாம். நெல்லையப்பர் யாரிடமும் ஊசியை நிறுத்தச் சொல்லவில்லையே! அப்புறம், சாமியாருக்கு நகை எதுவும் கொடுத்தார்களா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.