அடி வாங்குவதையும் வழுக்கி விழுவதையும் பார்த்துச் சிரிப்பது மட்டமான ரசனையா?

கேள்வியில் இரண்டு விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். திரையில் ஒருவர் அடிபட்டால் நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது என்பது ஒன்று. 'ஸ்லாப்ஸ்டிக்' என்று சொல்லப்படும் இந்த வகை நகைச்சுவை மட்டமானதுதானே என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. மட்டமாக எடுக்கப்பட்டவை ஏராளம் உண்டு, அது வேறு விஷயம். எல்லாக் கடையிலும் சாம்பார் வாயில் வைக்க முடியாமல் இருந்தால் குற்றம் துவரம்பருப்பினுடையது ஆகிவிடாது.

முதல் கேள்விக்கான பதிலை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருவரை அறையப் போய்த் தெரிந்துகொண்டேன்.

திருச்சியில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தில் ஆண்டுதோறும் நாடகம் போடுவோம். ஒரு வருடம் எனக்கு வீட்டுச் சொந்தக்காரர் வேடம். கணக்குப் பிரிவில் இருந்த ஒல்லியான மனிதர் ஒருவருக்கு ஆறு மாத வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரர் வேடம். இரண்டாவது காட்சியில் நான் அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும். முதல் ஒத்திகையில் பயத்தில் நிஜமாகவே அறைந்துவிட்டேன். 'ஐயையோ' என்று நாலு பேர் ஓடி வந்தார்கள், ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். யாரும் சிரிக்கவில்லை. எழுதியவருக்கே முகம் வாடிவிட்டது.

நாடகத்தை இயக்கியவர் எங்களைவிட வயதில் மூத்தவர், சபா நாடகங்களில் சின்னச் சின்ன வேடங்கள் கட்டியவர். அவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, நீ அடிக்கவே வேண்டாம். கையை வீசு, அதோடு உன் வேலை முடிந்தது. அறை வாங்குவது அவருடைய பொறுப்பு" என்றார். பிறகு சொல்லிக்கொடுத்தார். என் கை குடித்தனக்காரரின் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளியே போக வேண்டும். அவர் பார்வையாளர்களுக்குத் தோளைக் காட்டி நின்று, அதே நொடியில் தன் மார்புக்கு நேராக இரண்டு கைகளையும் சேர்த்து ஒரே ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டிய கை நிற்காமல் அப்படியே கன்னத்துக்குப் போய்விட வேண்டும், தலை மறுபக்கம் திரும்ப வேண்டும். சத்தம் கேட்கும், கன்னத்தில் கை இருக்கும். மீதியைப் பார்ப்பவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள்.

அரங்கேற்றத்தன்று நான் கையை ஓங்கினேன். ஓங்கிய கை மேலே இருக்கும்போதே 'பளீர்' என்று சத்தம் கேட்டுவிட்டது. பதற்றத்தில் மனிதர் முன்கூட்டியே தட்டிவிட்டார். அரை நொடி அரங்கமே அமைதி. எனக்கு உள்ளங்கால் வியர்த்துவிட்டது. அவரோ கன்னத்தில் வைத்த கையை எடுக்காமல், தலையை நிமிர்த்தி, அந்தரத்தில் நிற்கும் என் கையைப் பார்த்தார். 'சத்தம் வந்துவிட்டதே, அறை எங்கே?' என்று தபால் எதிர்பார்ப்பவர்போல ஒரு பார்வை. வேறு வழி தெரியாமல் நான் கையை மெதுவாக இறக்கினேன். அது தன் முகத்தருகே வந்து சேரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, வந்ததும் மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் வசனம் பேச முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. அந்த நாடகத்தை அடுத்துப் போட்ட இரண்டு முறையும் அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

அன்று புரிந்தது இதுதான். இந்த வகை நகைச்சுவையில் அடிப்பவன் வெறும் கருவி. கலைஞன், அடி வாங்குபவன். நிஜ அறையில் சிரிப்பு இல்லை. வலி கழிக்கப்பட்ட அறையில், அதை வாங்குகிறவரின் முகத்தில், அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் சிரிப்பு இருக்கிறது.

ஸ்லாப்ஸ்டிக் என்ற பெயரே இதைத்தான் சொல்கிறது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். 16ஆம் நூற்றாண்டு வாக்கில் இத்தாலியில் முகமூடி அணிந்து ஆடிய நாடகக் குழுக்கள் இருந்தன. அவர்களிடம் ஒரு கோல் உண்டு. இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைக் கைப்பிடியில் சேர்த்துக் கட்டி, இடையில் சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். லேசாகத் தட்டினாலே ஒரு பட்டை இன்னொன்றில் மோதிப் பெரிய சத்தம் வரும். வாங்குபவருக்கு வலிக்காது. அந்தக் கோலுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர்தான் பின்னால் ஒரு நகைச்சுவை வகைக்கே பெயராயிற்று. சத்தம் பெரிது, வலி சிறிது. எங்கள் கணக்குப் பிரிவு மனிதரின் இரண்டு கைகளும் செய்தது அந்தக் கோலின் வேலையைத்தான்.

அடி வாங்குவதை ஒரு கலையாகவே வாழ்ந்து காட்டியவர் என்றால் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனைச் சொல்வேன். 1895இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்தும் மேடைக் கலைஞர்களுக்குப் பிறந்தவர். பச்சைப் பிள்ளையாக இருக்கும்போதே மேடையேறிவிட்டார். நிகழ்ச்சியின் சாரம் என்னவென்றால், சொன்ன பேச்சைக் கேட்காத மகனை அப்பா தூக்கி எறிவார். மேடையின் பின்திரைமேல் எறிவார், வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் எறிவார். எறிவதற்கு வாகாக மகனின் சட்டை முதுகில் ஒரு சூட்கேஸ் கைப்பிடியைத் தைத்து வைத்திருந்தார்கள்! குழந்தைகள் நலச் சங்கத்தார் பலமுறை தடுக்கப் பார்த்தார்கள். இன்று படிக்கும்போது அவர்கள் பக்கம்தான் என் மனம் போகிறது. ஆனால் கீட்டன் தன் கடைசிக் காலம்வரை அப்பா தன்னை அடித்துக் காயப்படுத்தியதில்லை என்றே சொல்லிவந்தார். எப்படி விழ வேண்டும், எந்த நொடியில் கையை ஊன்றி வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவருக்கு நடக்கக் கற்ற வயதிலேயே பழகிப்போயிருந்தது.

அங்கேதான் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். விழுந்து எழுந்ததும் தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை; முகத்தை மரம்போல் வைத்துக்கொண்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அந்தக் குழந்தைப் பருவப் பாடத்தை வாழ்நாள் முழுக்கக் கைவிடவில்லை. படங்களில் அவர் சிரித்துப் பார்ப்பது அரிது.

1928இல் அவர் எடுத்த ஒரு படத்தில் புயல் வீசும் காட்சி வரும். கீட்டன் தெருவில், ஒரு வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இரண்டு மாடி வீட்டின் முன்சுவர் முழுவதும் பெயர்ந்து அவர்மேல் சாயும். மாடிச் சன்னல் திறந்திருக்கும். சரியாக அந்தச் சன்னல் சட்டம் அவர் நிற்கும் இடத்தில் வந்து விழ, சுவர் அவரைச் சுற்றித் தரையில் கிடக்கும், அவர் நின்றது நின்றபடி நிற்பார். தந்திரக் காட்சி கிடையாது. உண்மையான கனத்த சுவர். தோளுக்கும் சட்டத்துக்கும் சில அங்குல இடைவெளிதான். ஒரு காலடி தள்ளி நின்றிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். இவ்வளவையும் பணயம் வைத்துவிட்டு அந்த மனிதர் என்ன செய்கிறார் தெரியுமா? சுவர் விழும்வரை அதைக் கவனிக்கவே இல்லை. விழுந்த பிறகு, ஏதோ சரியில்லையே என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்க்கிறார், அப்புறம்தான் ஓடுகிறார். சுவர் விழுவது வித்தை. நம்மைச் சிரிக்க வைப்பது அந்தத் தாமதம்.

எல்லா நேரமும் இப்படித் தப்பித்ததாகவும் சொல்ல முடியாது. 1924இல் ஒரு படப்பிடிப்பில், ரயில் என்ஜினுக்குத் தண்ணீர் நிரப்பும் தொட்டியின் குழாய் அவரைத் தண்டவாளத்தின்மேல் அடித்துத் தள்ளியது. சில நாள் தலைவலியோடு வேலையைத் தொடர்ந்தார். கழுத்தெலும்பு முறிந்து கூடியிருந்ததை ஒரு மருத்துவர் எக்ஸ்ரேயில் பார்த்துச் சொன்னது பல ஆண்டுகள் கழித்துத்தான். அந்தக் காட்சி இன்றும் படத்தில் இருக்கிறது. இந்த விஷயம் தெரிந்த பிறகு என்னால் அதைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. வலி உண்மை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது, எங்கள் முதல் ஒத்திகையில் நின்றதுபோலவே.

கீட்டனிடம் உணர்ச்சியே காட்டாத முகம் என்றால், ஆலிவர் ஹார்டியிடம் கௌரவம். பழைய ஹாலிவுட் நகைச்சுவை ஜோடியான லாரல்–ஹார்டியில் குண்டானவர். எவ்வளவு சேற்றில் விழுந்தாலும் எழுந்து முதலில் தொப்பியைச் சரிசெய்வார். பிறகு காமிராவை, அதாவது நம்மை, ஒரு பார்வை பார்ப்பார். 'பார்த்தீர்களா, யாரோடு நான் குப்பை கொட்டுகிறேன்' என்ற பார்வை.

இவர்களுடைய 1932ஆம் ஆண்டுக் குறும்படம் 'தி மியூசிக் பாக்ஸ்'. நீளம் அரை மணி நேரம். ஆஸ்கர் விருது வாங்கியது. கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒரு பியானோவை உயரமான படிக்கட்டின் உச்சியில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் படிக்கட்டு லாஸ் ஏஞ்சலிஸில் இன்னமும் இருக்கிறது, 130க்கும் மேற்பட்ட படிகள். பாதி தூரம் ஏற்றுவார்கள், குழந்தை வண்டியோடு ஒரு பெண் இறங்கி வருவாள், வழி விடுவார்கள், பியானோ தடதடவென்று கீழே போய்விடும். மறுபடி ஏற்றுவார்கள். மறுபடி ஒரு காரணம், மறுபடி கீழே. சில சமயம் ஹார்டியையும் இழுத்துக்கொண்டு போகும். பெட்டிக்குள்ளிருந்து தந்திகள் முனகும் சத்தம் வேறு. மூன்றாம் முறை நமக்கே தெரிந்துவிடுகிறது, இது கீழே போகத்தான் போகிறது என்று. தெரிந்ததும் சிரிப்பு கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை. ஒருவழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு தபால்காரர் வருவார். 'வீட்டு வாசல்வரை சாலை இருக்கிறதே, வண்டியிலேயே வந்திருக்கலாமே' என்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு பியானோவைத் தூக்கி, அத்தனை படிகளும் இறக்கி, வண்டியில் ஏற்றி, அந்தச் சாலை வழியாகக் கொண்டு வருவார்கள்.

அவர்கள் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் சரியான வழி இது என்று ஒருவர் சொன்ன பிறகு, ஏற்கெனவே முடித்த வேலையைக் கலைத்து மறுபடி முறைப்படி செய்கிற ஆட்களை நான் முப்பது வருட அலுவலக வாழ்க்கையில் நிறையப் பார்த்திருக்கிறேன். நானே செய்திருக்கிறேன்.

நம் ஊருக்கு வருவோம். 2019 மே மாதம், கட்டுமானப் பொறியாளர்களுக்கான ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், ஒப்பந்ததாரர் நேசமணியின் தலையை உடைத்தது இதுதான் என்றும் எழுதிவைத்தார். வடிவேலு நேசமணியாக நடித்து 2001இல் வந்த படம், தலையில் சுத்தியல் விழுந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் நேசமணி நலம்பெற வேண்டிப் பிரார்த்திப்பதாக ஆயிரக்கணக்கானோர் எழுத, அது உலக அளவில் ட்விட்டரின் முன்வரிசைக்குப் போயிற்று. கவனியுங்கள், பிரார்த்தனை சுத்தியலை நழுவவிட்டவருக்காக அல்ல. வாங்கிய தலைதான் நினைவில் நின்றது. வடிவேலு அடி வாங்கும்போது வலியைவிட மிடுக்குப் போய்விடுமே என்ற கவலைதான் முகத்தில் முந்திக்கொண்டு தெரியும். ஹார்டி தொப்பியைச் சரிசெய்வதற்கும் இதற்கும் பங்காளி உறவு. கவுண்டமணி–செந்தில் காட்சிகளை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். உதை விழுவதற்கு முன்னால் செந்தில் முகத்தில் இருக்கும் அந்த அப்பாவிக் களை இல்லையென்றால் கவுண்டமணியின் காலுக்கு வேலையே இல்லை. அதே காட்சிகளில் நிறத்தையும் உருவத்தையும் வைத்து வரும் வசவுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

எரிச்சலூட்டும் வகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் ஒருவர் தடுக்கி விழுந்ததும் 'டொய்ங்' என்று ஓர் ஒலி, அதையே மெதுவாக மூன்று முறை ஓட்டிக் காட்டுவது, பின்னாலேயே பதிவுசெய்த சிரிப்பு. விழுந்தவருக்கு ஒரு நொடிகூடக் கொடுப்பதில்லை. அவர் முகம் என்ன ஆனது என்று பார்ப்பதற்குள் நடுவர்கள் சிரிப்பதைக் காட்டிவிடுவார்கள். ரோவன் அட்கின்சனின் மிஸ்டர் பீன் தொடரிலும் பதிவான சிரிப்பு உண்டுதான், ஆனால் அங்கே பொறுமை இருக்கிறது. நீச்சல் குளத்தின் உயரப் பலகையில் ஏறிவிட்டுக் குதிக்கப் பயந்து நிற்பாரே, கடைசியில் பலகையைப் பிடித்துத் தொங்குபவரின் விரல்களை ஒரு சிறுவன் மிதிப்பானே, அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். விழுவது ஒரு கணம்தான். மற்றதெல்லாம் விழாமல் இருக்க அவர் படும் பாடு.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். பியானோ படத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலம் தெரியாவிட்டாலும் ஒன்றும் குறையாது. அந்தத் தபால்காரர் வருவதை மட்டும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குச் சொன்னதற்கு மன்னிக்கவும். எங்கள் கணக்குப் பிரிவு மனிதரைப் போல நானும் கொஞ்சம் முன்னாலேயே தட்டிவிட்டேன்.